கேளாமல் கழியும் காசு

கைபேசி இல்லாத வீடு இன்று நம் நாட்டில் அபூர்வம். ஆரணிப் பட்டு நெசவுக்குப் பேர்போன வட்டாரத்திலும், வெம்பாக்கம் தாலுகா கிராமங்களிலும் அது ஆடம்பரப் பொருளன்று. தறிக்கு நாடா எப்படியோ, குடும்பத்துக்குக் கைபேசி அப்படி. பாவு எப்போது வரும், கரைக்கு எந்த நிறம், கூலி பாங்கியில் சேர்ந்ததா என்ற விவரங்கள் யாவும் அதன் வாயிலாகவே தெரிய வேண்டியிருக்கிறது. பகலில் அது தறியில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் இருக்கும். மாலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கைக்குப் போகும். இரவில் வெளியூரிலுள்ள மகளோடு பேசத் தாயார் எடுத்துக் கொள்வார். சந்தாதாரர் ஒருவர், உபயோகிப்பவர் ஐவர் அறுவர். இத்தகைய குடும்பக் கைபேசியில் போட்டு வைத்த பணம், யாரும் பேசாமலும் யாரும் கேளாமலும் கரைந்து போகிறது என்ற குறை நெடுநாளாக நாடெங்கும் எழுந்து வருகிறது. இது பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது நமது கடமை என்று கருதுகிறோம்.

பணம் எவ்வழியில் போகிறது என்பதை முதலில் விளக்குவோம். சாதாரணக் குறுஞ்செய்திக்கும் பேச்சுக்கும் ஒரு கட்டணம் உண்டு. ஜோசியம், கிரிக்கெட் செய்தி, சினிமாப் பாட்டு, வினாடி வினாப் போட்டி முதலியவற்றுக்கு விசேஷக் கட்டணம் உண்டு. இவற்றை நடத்துபவை பெரும்பாலும் வேறு கம்பெனிகள். டெலிபோன் கம்பெனி தன் கணக்கிலேயே பணத்தை வசூலித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவற்றுக்குக் கொடுக்கிறது. சந்தாவை ஆரம்பிப்பதோ வெகு சுலபம். திரையில் திடீரென்று ஒரு வாசகம் தோன்றும், அதை அகற்றுவதாக எண்ணி ஒருவர் பொத்தானை அழுத்துவார், அதுவே சம்மதமாகிவிடும். எதிர்முனையில் கேட்ட பாட்டு வேண்டுமானால் நட்சத்திரக் குறியை அழுத்துக என்று ஒரு குரல் சொல்லும், குழந்தை அழுத்திவிடும். அதன்பின் தினந்தோறுமோ, வாரந்தோறுமோ, மாதந்தோறுமோ தொகை தானே கழிந்துகொண்டிருக்கும். சேர்வதற்கு ஒரு விரல் போதும். விலகுவதற்கு விவரம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். இந்த வியாபாரத்தின் சூட்சுமம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தில் அடங்கியிருக்கிறது.

நாளைக்கு ஒரு ரூபாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிலர் கேட்கலாம். நாளைக்கு ஒரு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 365 ரூபாய். ஆயிரம் வீடுகளில் இவ்விதம் கழியுமானால் 3,65,000 ரூபாய். கிராமங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பெருக்கிப் பார்க்கும் வேலையை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம். சிறு துளி பெரு வெள்ளம் என்ற பழமொழியை நம்மவர் சேமிப்புக்குச் சொல்லி வைத்தார்கள். இவ்வியாபாரிகளோ அதை வசூலுக்குக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நூறு ரூபாய் களவு போனால் வீட்டுக்காரர் கூச்சலிடுவார். ஒரு ரூபாய் போனால், 'கணக்கில் ஏதோ பிசகு' என்று சும்மா இருந்துவிடுவார். தொகை சிறியதாக இருப்பது தற்செயலன்று. புகார் செய்யும் சிரமத்தைவிட நஷ்டம் குறைவாக இருக்கும்படி பார்த்து வைத்த அளவு அது. மேலும், தறியில் ஒவ்வொரு இழையாகக் கோத்துச் சம்பாதித்த கூலியிலிருந்து ஒரு ரூபாயை எடுக்கவும் உடையவர் அனுமதி வேண்டும் என்பதே தர்மம். தொகையின் அளவு குற்றத்தின் தன்மையை மாற்றாது.

இங்கே அடிப்படையான கேள்வி ஒன்றுதான். சம்மதம் என்பது யாது? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று கல்யாணப் பேச்சில் சொல்வதுண்டு; கொடுக்கல் வாங்கலில் அப்பழமொழி செல்லாது. இந்தியாவில் இன்றும் அமுலிலுள்ள 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், தன் 13-ஆம் பிரிவில், இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வதே சம்மதம் என்று வரையறுக்கிறது. திரையிலிருந்து ஒரு வாசகத்தைப் போக்கடிப்பதற்காக அழுத்தியவர் ஓர் அர்த்தத்தில் அழுத்துகிறார். அதைச் சந்தா விண்ணப்பமாகப் பதிந்துகொள்பவர் வேறோர் அர்த்தத்தில் கொள்கிறார். அர்த்தம் இரண்டாகும்போது சம்மதம் எங்கே இருக்கிறது? அந்த வாசகம் ஆங்கிலத்தில் வந்து, படிப்பவர் தமிழ் மட்டுமே அறிந்தவராக இருந்துவிட்டால், அங்கே ஓர் அர்த்தங்கூட இல்லை.

குடும்பக் கைபேசிக்கு இதைவிட முக்கியமான நியாயம் மற்றொன்றும் உண்டு. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி மைனர்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர்கள். மைனர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்ஸில், கல்கத்தாவிலிருந்து சென்ற ஓர் அப்பீலில், 1903-ஆம் வருஷத்திலேயே தீர்ப்புக் கூறியது. அடமானப் பத்திரம் எழுதி இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்க முயன்ற ஒரு வாலிபரின் வழக்கு அது. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் மைனர் விஷயத்தில் செல்லாது என்றால், பத்து வயதுப் பிள்ளை விளையாட்டுக்கிடையே அழுத்திய பொத்தானைக் கொண்டு தகப்பனாரிடம் பணம் கழிப்பது எந்த நியாயத்தில் சேரும்? பொத்தானை அழுத்தியது யார் என்று கம்பெனிக்குத் தெரியாது என்பது மெய்யே. தெரியாத இடத்தில் விசாரித்து உறுதி செய்வது வாங்குபவரின் கடமையா, விற்பவரின் கடமையா என்பதே நமது கேள்வி.

விதிகள் இல்லாமலில்லை. 1997-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது 'ட்ராய்', 2011, 2013-ஆம் வருஷங்களில் இவ்விஷயமாக உத்தரவுகள் பிறப்பித்தது. விசேஷச் சேவை எதையும் ஆரம்பிக்குமுன் சந்தாதாரரிடம் ஒரு முறைக்கு இரு முறை உறுதி பெற வேண்டும். இரண்டாவது உறுதி 24 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டால் பணம் வசூலிக்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம். சந்தாவைப் புதுப்பிக்கும் நாளுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். சேவையை நிறுத்துவதற்கு 155223 என்ற கட்டணமில்லா எண் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஏற்பட்டது. இந்த ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம். ஆனால் இரண்டாம் உறுதியும் அதே திரையில், அதே அவசரத்தில், அதே புரியாத பாஷையில் கேட்கப்படுமானால், ஒரு பிசகு இரண்டு பிசகாகுமேயன்றி ஒரு சம்மதம் ஆகாது.

கம்பெனிகள் தரப்பில் சொல்லப்படும் சமாதானங்களையும் கவனிப்போம். ஜனங்கள் விரும்பித்தான் இச்சேவைகளை வாங்குகிறார்கள் என்பது முதலாவது. விரும்பி வாங்குபவரைத் தடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பாட்டுக் கேட்பதும் கிரிக்கெட் செய்தி அறிவதும் அவரவர் இஷ்டம். விரும்பாதவர் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் சொல்லுகிறோம். தாங்கள் வெறும் வழிவிடுபவர்கள், தவறு செய்பவை வெளிக் கம்பெனிகள் என்பது இரண்டாவது சமாதானம். இது சிறிதும் பொருந்தாது. சந்தைக்கு வரும் வண்டிகளுக்குச் சுங்கம் வசூலிப்பவர் வண்டியிலுள்ள சரக்கை அறியேன் என்று சொல்லலாம். விற்கும் ஒவ்வொரு சரக்கிலும் பங்கு வாங்குபவர் அவ்வாறு சொல்ல முடியுமா?

அமெரிக்க தேசத்தில் இதே வாதம் எழுந்து, இதே பதிலைத்தான் பெற்றது. அங்கே ஜோசியம், சில்லறைச் செய்தி முதலியவற்றின் பேரால், கேளாதவர்கள் பில்லிலும் மாதத்துக்குப் பெரும்பாலும் 9.99 டாலர் ஏற்றப்பட்டு வந்தது. அத்தொகையில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாமல் டெலிபோன் கம்பெனியே எடுத்துக்கொண்டது என்பது ஏ.டி. அண்ட் டி., டி-மொபைல் கம்பெனிகள் மீது அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் கூறிய குற்றச்சாட்டு. 2014-ஆம் வருஷத்தில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி 10½ கோடி டாலரும், டி-மொபைல் கம்பெனி 9 கோடி டாலரும் கொடுத்து ராஜி செய்துகொண்டன. 2015-ல் வெரைஸன் 9 கோடி டாலரும், ஸ்பிரிண்ட் 6 கோடியே 80 லட்சம் டாலரும் கொடுத்தன. நாலு கம்பெனிகளும் சேர்ந்து 35 கோடி டாலருக்கு மேல். இத்தொகையில் பெரும் பகுதி பணம் இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவே ஒதுக்கப்பட்டது என்பதை நம் சர்க்கார் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அபராதம் பொக்கிஷத்துக்குப் போனால் சட்டத்துக்குத் திருப்தி. பறிகொடுத்தவர் கைக்குத் திரும்பினால்தான் நியாயத்துக்குத் திருப்தி.

நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கும் சிந்திக்கத்தக்கது. 2007-ஆம் வருஷத்தில் 'கௌன் பனேகா க்ரோர்பதி' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியோடு நேயர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. விடையை அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றுக்கு, சாதாரண விகிதத்தைவிட அதிகமாக, 2 ரூபாய் 40 காசு வசூலிக்கப்பட்டது. பரிசு இலவசம் என்று காட்டி, அதன் செலவை ஜனங்களிடமிருந்தே வசூலித்தார்கள் என்று ஒரு நுகர்வோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் ஒரு கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. பரிசுப் பணம் அந்தக் குறுஞ்செய்தி வசூலிலிருந்தே கொடுக்கப்பட்டது என்பதற்குத் தக்க சாட்சியம் இல்லை என்பதே காரணம். தீர்ப்பைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஜனங்களுக்காக வாதாடுகிறவர்கள் அதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கோபம் சாட்சியமாகாது, கணக்குத்தான் சாட்சியம்.

அந்தக் கணக்கைப் பெறும் உரிமை நமக்கு இருக்கிறது. முன்பணம் கட்டிப் பேசும் சந்தாதாரர் எவரும், கடந்த ஆறு மாத காலத்துக்குள் எந்தச் சேவைக்கு எவ்வளவு கழிந்தது என்ற இனவாரிக் கணக்கை எழுதிக் கேட்டுப் பெறலாம் என்று 2012-ஆம் வருஷத்து 'ட்ராய்' விதிகள் கூறுகின்றன. கம்பெனி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 50 ரூபாய்க்கு மேல் கட்டணம் கேட்கக் கூடாது. இந்த விதியை அறிந்தவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம். உரிமை புஸ்தகத்தில் இருந்து பயன் என்ன? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னாலன்றி அது உரிமையாகாது.

நியாயஸ்தலத்தின் கதவும் இப்போது திறந்திருக்கிறது. டெலிபோன் பில் தகராறுகளுக்கு 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டப்படி மத்தியஸ்தம் ஒன்றே வழி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியிருந்தது. வெள்ளைக்கார ஆட்சியின் சட்டம் ஒன்று சுதந்திர நாட்டின் பிரஜைக்குப் பல வருஷ காலம் குறுக்கே நின்றது. அகமதாபாத் வாசி ஒருவர் இதை மாற்றக் காரணமானார். மாதம் சராசரி 555 ரூபாய் பில் கட்டி வந்த அவருக்கு, 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையுள்ள ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய் 51 காசு பில் வந்தது. அவர் விடாமல் வழக்காடினார். நுகர்வோர் கமிஷன் இத்தகைய வழக்குகளை விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு தீர்மானித்தது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தொலைத்தொடர்பைப் பேர் சொல்லியே சேவைகளில் சேர்த்திருக்கிறது. வசிக்கும் ஜில்லாவிலேயே மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள விஷயங்களுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வெம்பாக்கத்துக் குடியானவரோ நெசவாளரோ சென்னைக்குப் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலைக்குப் போனால் போதும்.

இது பழைய கதை, இப்போது மாதச் சந்தாத் திட்டங்கள் வந்துவிட்டபடியால் கைபேசியில் மிச்சம் இருக்கும் பணமே சொற்பம் என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். ஆனால் அதே தந்திரம் இடம் மாறியிருக்கிறது. முன்பு கைபேசிக் கணக்கில் கை வைத்தவர்கள் இப்போது பாங்கிக் கணக்கிலேயே கை வைக்கிறார்கள். இலவச மாதம் என்று சேர்த்துக்கொண்டு, மறுமாதம் முதல் யு.பி.ஐ. வழியாகத் தானே பணம் எடுத்துக்கொள்ளும் சந்தாக்கள் பெருகியிருக்கின்றன. இதற்காகவே ரிசர்வ் பாங்கு, 2021 அக்டோபர் 1 முதல், இவ்விதம் தானே பணம் எடுக்குமுன் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்று விதித்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், ஜனங்களை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு, விலக முடியாதபடி சந்தாவில் சிக்க வைப்பதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தன. கைபேசியில் ஒரு ரூபாய் விஷயத்தில் ஏமாந்து பழகிய ஜனங்கள் பாங்கியில் நூறு ரூபாய் விஷயத்திலும் ஏமாறுவார்கள். ஆகையால்தான் சிறு தொகையிலேயே இதை நிறுத்த வேண்டும் என்கிறோம்.

சர்க்காருக்கும் 'ட்ராய்' ஆணையத்துக்கும் நமது யோசனைகள் நான்கு. முதலாவது, சம்மதம் கேட்கும் செய்தி, சந்தாதாரரின் தாய்பாஷையில், கட்டணத்தை இலக்கத்தில் காட்டி வர வேண்டும். தமிழ்நாட்டில் தமிழில் வராத சம்மதம் செல்லாது என்று விதிக்க வேண்டும். இரண்டாவது, விசேஷக் கட்டணச் சேவைகளின் கதவு எல்லாக் கைபேசிகளிலும் ஆரம்பத்திலேயே சாத்தியிருக்க வேண்டும். வேண்டுபவர் கேட்டுத் திறந்துகொள்ளட்டும். இப்போது திறந்த வீட்டில் நுழைந்துவிட்டு, ஏன் சாத்தவில்லை என்று வீட்டுக்காரரையே கேட்கிறார்கள். மூன்றாவது, சம்மதம் பெற்றதை ருஜுப்பிக்கும் பாரம் கம்பெனி தலையில் இருக்க வேண்டும். ருஜுப்பிக்க முடியாவிட்டால், கேளாமலே எடுத்த பணத்தைக் கேளாமலே திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்காவது, எத்தனை புகார் வந்தது, எவ்வளவு பணம் திருப்பப்பட்டது என்ற விவரத்தை ஒவ்வொரு கம்பெனியும் வருஷந்தோறும் பிரசுரிக்க வேண்டும். வெளிச்சத்தைப்போல் நல்ல காவற்காரன் வேறில்லை.

சர்க்கார் செய்யும்வரை ஜனங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பணம் கழிந்தது தெரிந்தவுடன் 155223-க்குப் பேசிச் சேவையை நிறுத்த வேண்டும். பின்பு கம்பெனியின் புகார் மையத்துக்குச் சொல்லி, அவர்கள் தரும் புகார் எண்ணைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். எண் இல்லாத புகார் காற்றில் சொன்ன வார்த்தை. பதில் திருப்தி அளிக்காவிட்டால், 30 நாளுக்குள் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுத வேண்டும். அப்பீலுக்குக் கட்டணமில்லை, 39 நாளுக்குள் அது முடிவு செய்யப்பட வேண்டும். 'ட்ராய்' ஆணையம் தனிப்பட்டவர் புகாரை நேரே விசாரிப்பதில்லையாதலால், அதற்கு எழுதிக் காத்திருப்பது வீண். தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்குச் சொல்லலாம். கடைசியாக ஜில்லா கமிஷனுக்குப் போகலாம். ஓர் எச்சரிக்கையும் அவசியம். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று தாங்களே கூப்பிட்டு ரகசிய எண்ணைக் கேட்பவர்கள் இன்னொரு வகைத் திருடர்கள். அவர்களிடம் எதையும் சொல்லக் கூடாது. சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நெசவுக் குடும்பம் தனியே செய்யுமா? செய்யாது, அதற்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. இங்கேதான் நமது தேசத் தொண்டர்களுக்கு வேலை இருக்கிறது. வாசகசாலையிலோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, வாரத்துக்கு ஒரு மாலை ஒருவர் உட்கார்ந்து, வருபவர் கைபேசியை வாங்கிப் பார்த்து, வேண்டாத சந்தாக்களை நிறுத்திக் கொடுக்கட்டும். என்ன சேவை, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, புகார் எண் என்ன என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் பதியட்டும். தனித்தனியே பார்த்தால் ஒரு ரூபாய் விஷயம். நூறு குடும்பங்களின் பதிவு ஒரே நோட்டில் சேர்ந்துவிட்டால், அதுவே நியாயஸ்தலம் கேட்கும் சாட்சியம். மேடைப் பிரசங்கம் நூறு செய்வதைவிட, இவ்விதம் ஒரு நோட்டுப் புஸ்தகம் நிரப்புவது மேலான தொண்டு என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பட்டுச் சேலையில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, முடிந்துவிட்டுத்தான் மேலே போகிறார். ஓரிழைதானே என்று விடுவதில்லை. அந்தச் சிரத்தையைத் தம் கூலிப் பணத்தின் கணக்கிலும் அவர் காட்டும்படி செய்துவிட்டால், கேளாமல் காசு கழிக்கும் வியாபாரம் இந்நாட்டில் நெடுநாள் நிற்காது.